வெள்ளமும் ஒரு வில்லங்கம்தான்

பெறுநர்:
பதிவுத்துறைத் தலைவர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். முப்பத்து நான்கு வருஷமாகச் சென்னையின் தென்புறத்தில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். உரிமம் பெற்ற ஆவண எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில், எட்டுக்கு ஆறில் ஓர் அறை. முதலில் கையால் எழுதினேன், பிறகு டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர். மூன்றிலும் மாறாமல் வருகிற வாசகம் ஒன்று உண்டு: "மேற்படி சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமும் விவகாரமும் இல்லையென்று உறுதி கூறுகிறேன்." தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அந்த வாசகத்தை எத்தனை தடவை தெரிந்தே பொய்யாக எழுதினேன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

பதற வேண்டாம். அடமானம், ஜப்தி, விடுபட்ட வாரிசு போன்றவற்றில் நான் கை வைத்ததில்லை. அவற்றைப் பிடிக்க உங்களிடம் புத்தகங்கள் இருக்கின்றன, இப்போது கணினியும் இருக்கிறது. உங்கள் எந்தப் புத்தகத்திலும் ஏறாத வில்லங்கம் ஒன்று இருக்கிறது. ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை, கார்த்திகை மாதம், வாசற்படி ஏறி உள்ளே வரும்.

2014 ஆவணியில் ஒரு சின்ன வயசுத் தம்பதி வந்தார்கள். தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றுப் பக்கம், ஒரு கிரவுண்டில் தரைத்தளம் மட்டும் கட்டிய வீடு. வங்கிக் கடன் ஆகிவிட்டது. அந்தப் பெண் நிறைமாதம். எனக்குக் கொடுத்த மூலப் பத்திரங்கள் மூன்று. 1968ஆம் வருஷத்துப் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், இப்படி: "ஏரி உள்வாய்க்கு வடக்கு." உள்வாய் என்றால் ஏரியில் தண்ணீர் நிற்கும் உட்பரப்பு. 1986இல் அதே இடம் "வாய்க்கால் புறம்போக்குக்கு வடக்கு" ஆகியிருந்தது. 1997இல் மனைப்பிரிவு போட்டபோது "30 அடி ரோட்டுக்கு வடக்கு." இருபத்தொன்பது வருஷத்தில் ஏரி வாய்க்காலாகி, வாய்க்கால் ரோடாகிவிட்டது. மனை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றையும் படித்தேன். புரிந்துதான் படித்தேன். எங்கள் தொழிலில் கடைசிப் பத்திரத்தில் உள்ளபடி எழுதுவதுதான் வழக்கம். "30 அடி ரோட்டுக்கு வடக்கு" என்று டைப் அடித்தேன். அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிவு நின்றிருக்கும், புரோக்கர் அடுத்த பார்ட்டியை வேறு அறைக்குக் கூட்டிப்போயிருப்பார். பத்திரம் முடிந்ததும் லட்டு கொடுத்தார்கள். தின்றேன்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. அதற்கு முந்தைய மாதமே நகரத்தில் 1,049 மில்லிமீட்டர் கொட்டி, நிலம் ஊறிக் கிடந்தது. 1918 நவம்பரின் 1,088க்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் வந்ததில்லை. அந்த ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறக்கப்பட்டதைப் பற்றியே ஊர் இன்றும் பேசுகிறது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. ஆனால் எங்கள் பக்கம் தண்ணீர் செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. ஆதனூரிலிருந்து தாம்பரம் வரை நிரம்பிய ஒவ்வோர் ஏரியும் உபரி நீர் போகும் கலங்கல் வழியே வழிந்து, ஒன்றோடொன்று கைகோத்து அடையாற்றில் இறங்கியது. பழைய வாய்க்கால் இருந்த வழியைத் தேடிக்கொண்டு வந்தது. வழியில் இருந்ததோ 30 அடி ரோடு.

பத்து நாள் கழித்து அந்தத் தம்பதி வந்தார்கள். இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை. கையில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் நான் எழுதிய பத்திரம். முத்திரைத்தாள்கள் ஊறவைத்த அப்பளம் போல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஸ்டீல் ஸ்கேலை மெதுவாக உள்ளே விட்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். அறைக்குள் குறுக்கே கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டு, ஃபேனுக்குக் கீழே காயவிட்டேன். சார்பதிவாளர் முத்திரையின் ஊதா மை கலைந்து பக்கம் முழுக்கப் பரவியிருந்தது. என் கையெழுத்து மட்டும் பால்பாயிண்ட் பேனா என்பதால் அப்படியே இருந்தது.

அப்போது அந்தப் பெண் கேட்டார், "சார், தண்ணி வரும்னு இதுல எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. ஒன்று, எங்கள் பழைய சம்பிரதாய வாசகம்: "நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் முதலான அஷ்டபோகங்களுடன் தாங்கள் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." ஜலத்தையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறோம். சிரிப்பாக இருக்கிறதா? அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்து தொண்டையில் நின்றது. இரண்டாவது இடம் 1968ஆம் வருஷத்துப் பத்திரத்தின் நகல். அதை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். "ஏரி உள்வாய்க்கு வடக்கு." அந்தப் பெண் விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். ஒன்றும் பேசவில்லை. வெள்ளத்தில் போன ஆவணங்களுக்குக் கட்டணமில்லாமல் நகல் தர அரசு முகாம் போட்டிருந்தது. அந்த விவரத்தைச் சொல்லி அனுப்பினேன். நகல் கிடைத்தது. அதிலும் 30 அடி ரோடுதான் இருந்தது.

வீடு வாங்க வருகிறவரிடம் நாங்கள் முதலில் சொல்வது, "முப்பது வருஷத்துக்கு இ.சி. போட்டுப் பாருங்க." இ.சி. என்றால் வில்லங்கச் சான்று, சொத்தின் பேரில் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றின் பட்டியல். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கிறுக்கு. இந்த நகரத்துக்கே ஒரு வில்லங்கச் சான்று போட்டால் என்ன வரும் என்று, அகப்பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

பழைய பதிவுகளில் முதலில் வருவது காற்று. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே ஐப்பசிப் புயல் வந்து அவர்கள் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதைத்துவிட்டது. கோட்டையை ஜெயித்தவருக்குக் கடல் சொத்து மாற்றிக் கொடுக்கவில்லை. 1881 நவம்பரில் இன்னொரு புயல், கட்டி முடியும் தறுவாயில் இருந்த துறைமுக அலைதடுப்புச் சுவர்களை உடைத்துப்போட்டது. இதற்கு நடுவில் 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வெட்டியது. மழையில்லாத வருஷம் பட்டினி கிடந்தவர்கள் வெட்டிய கால்வாய், மழை பெய்யும் வருஷங்களில் நகரத்தைக் காப்பாற்ற வேண்டியது. அதற்குள் தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டிருக்கிறோம்.

1943 அக்டோபரில் பெருவெள்ளம். யுத்த காலம் வேறு. அதற்கு அடுத்த வருஷம்தான் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. 1966 நவம்பர் 3ஆம் தேதிப் புயலைப் பற்றி என் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்டமாட்டிஸ் என்ற கிரேக்கக் கப்பல் மெரினாவுக்கு எதிரே தரைதட்டிப் போனது. நான் கைப்பிள்ளை. ஆனால் விவரம் தெரிந்த பிறகும் அந்தக் கப்பலின் துருப்பிடித்த உடம்பு தண்ணீருக்கு மேலே தெரிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா தோளில் உட்காரவைத்துக் காட்டி, "அந்தப் பக்கம் குளிக்கக் கூடாது, சுழல் இழுக்கும்" என்பார். அந்தத் துரு இருந்தவரைக்கும் மெரினாவுக்குப் போன எல்லாருக்கும் 1966 தெரிந்திருந்தது. அது போனதும் 1966உம் போய்விட்டது.

1976 நவம்பர் 25. ஒரே நாளில் 45 சென்டிமீட்டர். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. சைதாப்பேட்டையில் அத்தை வீட்டுத் திண்ணை மூழ்கி, பக்கத்துப் பள்ளிக்கூட மாடியில் இரண்டு ராத்திரி படுத்தோம். கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் தண்ணீர் மாடி வரை ஏறியது. 1985இல் மறுபடியும் அடையாறு. முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆரின் இராமாவரம் தோட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அதற்குப் பிறகுதான், ஆற்றின் இரண்டு பக்கமும், நான் பத்திரம் எழுத வந்த காலத்தில், மனைகள் ஜரூராக விற்றன. எழுதிக் கொடுத்த கைகளில் என் கையும் ஒன்று.

1994 தீபாவளி சமயத்துப் புயல், 1996 ஜூனில் பருவமே இல்லாத பருவத்தில் கொட்டிய மழை, இவற்றையெல்லாம் வேகமாகத் தாண்டுகிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையைத் தாண்ட முடியாது. சுனாமியில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 206 உயிர். பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், காசிமேடு என்று கடலோரக் குப்பங்கள்தான் கொடுத்தன. அங்கே பெரும்பாலோரிடம் என்னைப் போன்றவன் எழுதிய பத்திரமே கிடையாது. கடல் வந்து போன உயரத்துக்கும் பதிவு கிடையாது.

2005இல் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை விட்டுவிட்டு வெள்ளம். ஆனால் அந்த வருஷத்தில் எனக்கு மறக்காதது மழை இல்லை. டிசம்பர் 18 விடிகாலை, எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்காக இருட்டிலேயே வரிசையில் நின்ற ஜனங்கள் நெரிசலில் சிக்கி 42 பேர் செத்தார்கள். இன்றோடு டோக்கன் முடிகிறது என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தி. தண்ணீரில் பிழைத்தவர்கள் வரிசையில் செத்தது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

2015ஐச் சொல்லிவிட்டேன். மறு வருஷம் டிசம்பர் 12 வர்தா புயல். மரங்கள் வேரோடு போய், நிழல் பார்த்து வீடு வாங்கிய தெருக்கள் மொட்டையாயின. 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நான் பத்திரம் எழுதிய அந்த 30 அடி ரோட்டில், 2015இல் படகு போன அதே இடத்தில், கலர் கலராகக் குடங்கள் வரிசை கட்டியிருந்தன. லாரிக்காகக் காத்திருந்தார்கள். ஜலம் சேர்த்து விற்ற சொத்து!

பிறகு 2023 டிசம்பர், மிக்ஜாம். அந்தப் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. நம்மை ஒட்டினாற்போல் நகர்ந்து, ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்த்தான் ஏறியது. போகிற போக்கில் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் முடிச்சூரையும் முக்கிவிட்டுப் போனது.

1985க்குப் பிறகு எந்த வருஷத்தில் நின்று முப்பது வருஷம் திரும்பிப் பார்த்தாலும் இரண்டு பெருவெள்ளமாவது கண்ணில் படும். அதாவது, நாங்கள் எல்லாருக்கும் போட்டுக் கொடுக்கிற முப்பது வருஷ இ.சி.யே போதும். அதில் ஒரு கட்டம் மட்டும் குறைகிறது.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன்.

முதலாவது பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு. வில்லங்கச் சான்றில் ஒரு கூடுதல் கட்டம் வேண்டும். இந்தக் கதவு எண்ணில், இந்தச் சர்வே எண்ணில், எந்த வருஷம் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அவ்வளவுதான். இதற்குப் புதுச் சட்டம் தேவையா என்று யோசிப்பீர்கள். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவைப் பாருங்கள். விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், சாதாரணமாக விசாரித்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை சொத்தில் இருந்தால், விற்கிறவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். நூற்று நாற்பது வருஷமாக இருக்கிற சட்டம். நான்கடித் தண்ணீர் நின்ற வீட்டைப் பெயின்ட் அடித்து விற்பதைவிட முக்கியக் குறை வேறென்ன இருக்கிறது?

பெயின்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போதெல்லாம் யாராவது நல்ல மனுஷர் வீடு பார்க்கக் கூப்பிட்டால் நானும் கூடப் போகிறேன். வாஸ்துவை அவர்கள் பார்ப்பார்கள், நான் சுவரைப் பார்ப்பேன். ஹாலில் நான்கடி உயரத்துக்கு மட்டும் புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் அழகுக்கு என்பார்கள். சுவிட்ச் போர்டு மார்பளவுக்கு ஏறியிருக்கும். மீட்டர் பெட்டி கை நீட்டினால்தான் எட்டும். அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தால் உள்பக்கச் சுவரில் பெயின்ட் அடிக்க மறந்த இடத்தில் ஒரு பழுப்புக் கோடு, காப்பித் தம்ளர் வைத்த தடம் போல. வீட்டுக்காரரைக் கேட்டால் "இந்தத் தெருவுக்குத் தண்ணியே வராது சார்." தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேட்டால், பெட்டியை வைத்துவிட்டுத் தன் தொடையில் கை வைத்துக் காட்டுவார். வண்டியை நகர்த்த வேண்டியிருந்தவர் அவர்தானே.

இரண்டாவது மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு. ஒவ்வொரு தெருவிலும் பெயர்ப் பலகை வைத்திருக்கிறீர்கள். அதே தெருவில் ஒரு நிலையான சுவரிலோ பாலத்தூணிலோ வெள்ளம் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு, பக்கத்தில் வருஷம். 2005, 2015, 2023. கோடு போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தயவுசெய்து ரோட்டிலிருந்து அளக்காதீர்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு எங்கள் தெருக்கள் வருஷா வருஷம் உயர்கின்றன. என் அறைக்கே முன்பு இரண்டு படி ஏறி வருவேன், இப்போது ஒரு படி இறங்கி வருகிறேன். ரோட்டிலிருந்து அளந்தால் 2005இல் இடுப்பளவு நின்ற தண்ணீர் காகிதத்தில் முழங்காலளவு ஆகிவிடும். கடல் மட்டத்திலிருந்து அளந்து எழுதுங்கள். அளவைத் துறையிடம் அதற்கான குறியீட்டுக் கற்கள் இருக்கின்றன. இந்த ஊர் தட்டை ஊர், சராசரியாக ஏழு மீட்டருக்குள்தான் உயரம். இங்கே ஓரடி என்பது பெரிய சங்கதி.

விவரம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டாம். 2015இல் தண்ணீர் புகுந்த வீட்டுக்கு 5,000 ரூபாய், குடிசைக்கு 10,000 ரூபாய் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து அரசு பணம் கொடுத்தது. எந்தக் கதவு எண்ணுக்குள் வெள்ளம் வந்தது என்று அரசாங்கத்துக்கே தெரியும், காசு கொடுத்துத் தெரிந்துகொண்ட விவரம் அது. 2023இல் ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் போனது. மோட்டார் வைத்து இறைத்த தெருக்கள் எவை என்று ஒவ்வொரு வார்டு அலுவலகத்துக்கும் தெரியும். நீர்வளத்துறையிடம் ஏரிகளின் அன்றாட மட்டம் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1796 முதல் வானிலை குறித்துவைக்கிறார்கள். இத்தனை பேர் எழுதிவைத்தது வாங்குகிறவர் கைக்கு மட்டும் வந்து சேரவில்லை. வெள்ளத் தடுப்புக்கு வழி சொல்ல அரசு 2021இல் அமைத்த திருப்புகழ் குழு 2023 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. வடிகால் வேலைகளும் நடக்கின்றன, குறை சொல்லவில்லை. வடிகால் போட்ட தெருவில் கோடு இறங்கினால் அதையும் எழுதுங்கள், உங்களுக்கும் பெருமைதான்.

இப்படி எழுதிவைப்பது நமக்குப் புதிதும் இல்லை. இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்குள் உத்திரமேரூர் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில் கோவில் சுவரில் வெட்டிய கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாக ஓர் ஏற்பாட்டையே சொல்லியிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருஷம் ஆகியும் படிக்க முடிகிறது. திருநெல்வேலிக்காரர்கள் தாமிரபரணிக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோவிலைப் பார்த்தே வெள்ளத்தை அளப்பார்கள், மண்டபம் முங்கிவிட்டதா, கோபுரம் எவ்வளவு தெரிகிறது என்று. சென்னையில் நமக்கு அப்படி ஒரு அளவுகோல் இல்லை. ஊர்ப் பெயர்கள்தான் மிச்சம். பழவந்தாங்கலில் தாங்கல் என்ற சின்ன ஏரி எங்கே, வேப்பேரியில் ஏரி எங்கே என்று யாரும் கேட்பதில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெருப் பெயர் இருக்கிறது. அங்கே நின்று பார்த்த ஏரிக்குள்தான் 1920களில் தியாகராய நகரைக் கட்டினார்கள். தீபாவளித் துணி எடுக்கப் போகிற கூட்டம் ஏரிக்குள் நிற்கிறது. நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகு, 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது.

மதிப்பு இறங்கிவிடும் என்று சொல்பவர்கள் வருவார்கள். சங்கங்கள் மனு கொடுக்கும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெள்ளம் வந்த அடுத்த இரண்டு வருஷம் அந்தத் தெருக்களில் தரைத்தளம் கேட்பாரில்லாமல் கிடக்கும். மூன்றாவது வருஷம் புது டைல்ஸ் ஒட்டுவார்கள். ஐந்தாவது வருஷம் பழைய விலைக்கு வந்துவிடும். ஆக, தண்ணீர் விலையில் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளூர் ஆள் குறைத்து வாங்குகிறான். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வேலைக்கு வந்து, ஆன்லைனில் படம் பார்த்து, இருபது வருஷக் கடனில் வாங்குகிறவன்தான் முழு விலை கொடுக்கிறான். அவனுக்குத் தெரிந்தால் வாங்காமல் போய்விட மாட்டான். மேடை உயர்த்திக் கட்டுவான், மாடி வீடு கேட்பான், இன்ஷூரன்ஸ் போடுவான், இல்லை விலையைக் குறைக்கச் சொல்லுவான். அது அவன் பாடு.

இதில் எனக்கே பதில் தெரியாத ஓர் இடம் இருக்கிறது. கூவத்தங்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த குடிசைகளை எடுத்து, அங்கிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றச் சதுப்புக்குப் பக்கத்தில் குடிவைத்தது போல ஆயிற்று. செம்மஞ்சேரியில் மழைக்கு மழை தண்ணீர் நிற்கிறது. அவர்கள் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. அவர்கள் இ.சி. போடுவதில்லை, விலை பேசுவதுமில்லை. என் கட்டம் அவர்களுக்குப் பயன்படாது. ஆனால் சுவரில் கோடு பயன்படும். அடுத்து யாரை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர், போடுவதற்கு முன் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கலாம்.

நீங்கள் உத்தரவு போடும்வரை நான் சும்மா இருக்கவில்லை. 2016இலிருந்து, பத்திரம் எழுத வருகிறவர்களிடம் "தண்ணி நின்ற விவரத்தை ஒரு வரி சேர்க்கட்டுமா?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் விற்கிறவர் முகம் மாறும், புரோக்கர் இருமுவார். இதுவரை சம்மதித்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒரு பாட்டி, மடிப்பாக்கம் பக்கம். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டை விற்றுவிட்டு அவர்களோடு போகிறார். வரியைப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்த மருமகன் "அதெல்லாம் எதுக்கு?" என்றார். பாட்டி கேட்கவில்லை.

"எழுதுப்பா. வாங்குறவன் புள்ளக்குட்டியோட வரான். அடி மட்டும் போதாது, அங்குலத்தையும் எழுது. மூணடி எட்டங்குலம். பூஜை ரூம் கதவுல நான் அளந்து வச்சிருக்கேன்."

வாங்க வந்தவர் அந்த வரியைக் கேட்டுவிட்டு அஞ்சு நிமிஷம் வெளியே போய் போன் பேசினார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். விலை குறைக்கவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், பழைய வீட்டை இடித்துவிட்டு, தரையில் வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் விட்டு, மேலே கட்டிக்கொண்டிருந்தார். மிக்ஜாமின்போது எப்படி இருந்தது என்று போன் போட்டுக் கேட்டேன். "கீழ நாலடி சார், நாங்க மேல டீ குடிச்சிட்டிருந்தோம்" என்றார்.

உங்கள் அலுவலகங்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, நான் எழுதிவரும் வாசகத்தைக் கீழே கொடுத்திருக்கிறேன். திருத்தம் வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். அங்குலத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

"மேற்படி சொத்தில் ........ ஆம் வருஷம் ........ மாதம் பெய்த மழையின்போது, வீட்டின் தரைமட்டத்திலிருந்து ..... அடி ..... அங்குலம் உயரத்துக்கு, ..... நாட்கள் தண்ணீர் நின்றது என்பதையும், மேற்படி தரைமட்டம் கடல் மட்டத்திலிருந்து ..... மீட்டர் உயரத்தில் உள்ளது என்பதையும், முந்தைய பத்திரங்களின் செக்குபந்தியில் ஏரி, குளம், தாங்கல், வாய்க்கால் என்று கண்டுள்ள எல்லைகள் இன்னவை என்பதையும், எழுதிக் கொடுப்பவர் எழுதி வாங்குபவருக்கு வாசித்துக் காட்டி, அவரும் அறிந்துகொண்டு, இருவரும் சம்மதித்து எழுதிக்கொண்ட கிரையப் பத்திரம்."

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஆவண எழுத்தர்,
தென்சென்னை.